அணைக்கப்படாத ஒரு சுவிட்ச்

1990 பிப்ரவரி 14, மதியம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம் பெங்களூர் ஹெச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வானம் தெளிவு. எஞ்சின்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் தரையைத் தொட்டது, எகிறியது, கரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 146 பேரில் 92 பேர் இறந்துபோனார்கள்.

அது ஏர்பஸ் ஏ320. நிறுவனத்திடம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பைலட் கைப்பிடியை அசைத்தால் அந்த அசைவு கம்ப்யூட்டருக்குப் போகும். இறக்கைப் பாகங்களை எவ்வளவு திருப்புவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். 1988-ல் சேவைக்கு வந்த இந்த விமானத்தைப் பலரும் எதிர்காலம் என்றே பார்த்தார்கள்.

அன்று நடந்ததை ஒரு 'மோடு' பிரச்சனையாகச் சொல்லலாம். தரையிறங்கும்போது வேகம் குறையாதபடி கம்ப்யூட்டர் எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மோடு உண்டு. 'ஓப்பன் டிசென்ட்' என்று இன்னொன்று. அதில் எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், விமானம் உயரத்தை இழந்துகொண்டே வரும். கடைசிக் கட்டத்தில் தேவைப்பட்டது முதல் மோடு. விமானம் இருந்தது இரண்டாவதில். முதலாவதுக்கு மாற ஒரு வழி, இரண்டு பைலட்டுகளின் திரைகளிலும் வழிகாட்டும் 'ஃப்ளைட் டைரக்டரை' அணைப்பது. ஒருவருடையது அணைக்கப்பட்டது. மற்றவருடையது அப்படியே இருந்தது. அது அணைக்கப்படவில்லை என்று ஒருவர் சொல்வது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஒன்று எரிந்தாலும் மோடு மாறாது. அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள், கம்ப்யூட்டர் அதை அச்சு பிசகாமல் செய்தது.

விமானம் தாழ்ந்துவிடாமல் இருக்க மூக்கைத் தூக்கத் தூக்க வேகம் குறைந்துகொண்டே போனது. இருக்க வேண்டிய வேகம் 132 நாட். கடைசியில் அது 110-க்கும் கீழே இறங்கிவிட்டது. பழைய விமானங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் எஞ்சினைக் குறைத்தால் த்ராட்டில் கைப்பிடியும் தானாகப் பின்னால் வரும். கை அதில் இருந்தால் கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடும். ஏ320-ல் கைப்பிடி அசையாது. மோடு என்னவென்று திரையில் சின்ன எழுத்தில் வரும், அவ்வளவுதான். ஆபத்தை உணர்ந்து கம்ப்யூட்டரே முழு சக்தி கேட்டபோது நேரம் கடந்துவிட்டது. சும்மா சுற்றும் ஜெட் எஞ்சின் முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் வேணும். அந்த விநாடிகளுக்கான உயரம் கீழே இல்லை.

அரசு ஏ320 விமானங்களை மாதக்கணக்கில் தரையில் நிறுத்திவைத்தது. நீதிபதி சிவசங்கர் பட் தலைமையில் விசாரணை நடந்தது. 400, 300, 200 அடி என்று அறிவிப்பு வந்த பிறகும் பைலட்டுகள் த்ராட்டிலைத் தள்ளவில்லை என்பதே காரணம் என்று முடிவானது. அதே முடிவில் இன்னொன்றும் இருக்கிறது: அந்த நேரத்தில் அந்த மோடு ஏன் வந்தது என்று கண்டறிய முடியவில்லை.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் என்னால் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. எங்க துறையில் இதற்குச் சுலபமான பெயர் உண்டு: 'யூசர் எரர்'. டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே இந்த முரணை எழுதிவிட்டார். சுலபமான வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்து, அதற்குக் கையாளத் தெரியாத நேரத்தை மட்டும் மனிதனுக்கு மிச்சம் வைக்கிறோம். அந்த நேரத்துக்கு வேண்டிய கைப்பழக்கம் தினசரி வேலையில்தான் வரும். அந்த தினசரி வேலையைத்தான் ஏற்கெனவே பிடுங்கிவிட்டோமே!

இதை ஆகாயத்தின் பிரச்சனை மட்டும்னு நினைக்க எங்க ஊர் விடாது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிளும் டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய கப்பல். மற்றது எண்ணெயோடு உள்ளே வந்தது. அந்த அளவுக் கப்பல்களில் ரேடார் உண்டு; சுற்றியுள்ள கப்பல்களின் பெயர், வேகம், திசையைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும் உண்டு. திரையில் தெரிவது வேறு, அதைப் பார்த்து உரிய நேரத்தில் சுக்கானைத் திருப்புவது வேறு. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றைக் கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில்தான் அள்ளினார்கள்.

ஆனால் அதே கடலில் வேறொரு வழக்கமும் இருக்கிறது. 'பைலட்' என்ற சொல்லே விமானத்துக்குக் கப்பலிலிருந்து போனதுதான். ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகமோ எண்ணூரோ, பெரிய கப்பல் உள்ளே வரணும்னா இன்றைக்கும் துறைமுக பைலட் சின்னப் படகில் போய், நூலேணி பிடித்து, கப்பலில் ஏற வேண்டும். ஜிபிஎஸ்ஸும் மின்னணு வரைபடமும் வந்த பிறகும் அந்த ஏணியை யாரும் சுருட்டி வைக்கவில்லை. அவர் அவசரத்துக்கு மட்டும் கூப்பிடப்படும் ஆள் கிடையாது. நல்ல நாளிலும் அவர்தான் வழி சொல்கிறார். நீரோட்டமும் காற்றும் அவருக்குப் பழகிப்போயிருப்பது அதனால்தான்.

விமானத் துறைக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. 2009-ல் அட்லாண்டிக்குக்கு மேலே, பனி அடைத்து வேகமானிகள் தப்பாகக் காட்ட, ஏர் பிரான்ஸ் 447-ல் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. கைக்கு வந்த விமானத்தைப் பைலட்டுகளால் மீட்க முடியவில்லை. 228 பேர் இறந்தார்கள். 2013-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, பொருத்தமான சமயங்களில் பைலட்டுகளைக் கையாலேயே ஓட்டவிடச் சொல்லி விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

ஆட்டோமேஷன் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி அதை எழுதும் எங்களைப் பற்றியது. ஒரு வேலையைத் தானியங்கி ஆக்கும்போது எத்தனை மணி நேரம் மிச்சமாகும்னு கணக்குப் போடுகிறோம். எந்தக் கை எதை மறக்கப்போகிறது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. பெங்களூரில் அந்தக் கணக்கு 92 பேருடைய தலையில் விழுந்தது. பழியோ, கடைசியாகக் கைப்பிடியில் கை வைத்திருந்தவர்கள் மேல்.