ஸ்டார்லிங் வரையாத அம்புக்குறி: தந்துகியிலிருந்து நிணநீர்க் கணு வரை

தந்துகியின் தமனி முனையில் நீர் வடிகிறது. சிரை முனையில் அதில் பெரும்பங்கு திரும்ப உறிஞ்சப்படுகிறது. மிஞ்சும் பத்தில் ஒரு பங்கை நிணநீர் நாளங்கள் எடுத்துச் செல்கின்றன. பாடநூல்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. இதற்குச் சான்றாக எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் 'ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி' இதழில் எழுதிய கட்டுரையைக் காட்டுவது வழக்கம். அந்தக் கட்டுரை இந்தக் கணக்கைத் தாங்கவில்லை. அதை ஊன்றிப் படித்தால் ஏறக்குறைய எதிரான முடிவுக்கே வர நேர்கிறது: பெரும்பாலான திசுக்களில் வடிந்த நீர் மீள்வதற்கு நிலையான வழி நிணநீர் நாளம் ஒன்றுதான். இது உண்மையானால் நிணநீர்க் கணுவின் வேலையளவையும் நாம் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

சோதனையிலிருந்து தொடங்கலாம். நாயின் பின்னங்கால் ஒன்றின் இணைப்புத் திசுவுக்குள் ஸ்டார்லிங் உப்புக்கரைசலைச் செலுத்தி வீங்கவைத்தார். மற்றதை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டார். ஃபைப்ரின் நீக்கிய குருதியை இரு கால்களின் நாளங்கள் வழியாகவும் மீண்டும் மீண்டும் ஓடவிட்டபோது, வீங்கிய காலுக்குள் சென்றுவந்த குருதி நீர்த்துப்போனது. அதாவது திசுவிலிருந்த கரைசல் நேரடியாகக் குருதிக்குள் புகுந்தது. உப்புக்கரைசலுக்குப் பதிலாக ஊநீரைச் செலுத்தியபோது அப்படி உறிஞ்சல் நிகழவில்லை. புரதம் இல்லாத நீரைக் குருதி இழுக்கிறது. புரதம் கலந்த நீரை இழுப்பதில்லை. பிளாஸ்மாப் புரதங்களின் சவ்வூடு அழுத்தம்தான் இழுக்கும் விசை என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான்.

பின்வந்தோர் சோதனையின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை நழுவவிட்டார்கள். உயிருள்ள திசுவின் இடைவெளிகளில் இயல்பாக இருப்பது எது? வெறும் உப்புக்கரைசல் அல்லவே. தந்துகிச் சுவர் புரதத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. கசிந்த புரதம் அங்கே எப்போதும் உண்டு. ஆகவே இயல்பு நிலைக்கு நெருக்கமானது ஸ்டார்லிங்கின் ஊநீர்ச் சோதனை. அதில் கிடைத்த விடை 'உறிஞ்சல் இல்லை' என்பது.

இதைவிட முக்கியமானது அவர் சமநிலையை விளக்கும் பத்தி. தந்துகி அழுத்தம் உயர்ந்தால் நீர் வடியும். வடிய வடியத் திசுநீர் நீர்த்துப்போவதால் எதிர்விசை வளர்ந்து புதிய சமநிலை ஏற்படும் என்கிறார். அழுத்தம் தாழ்ந்தால் உறிஞ்சல் நிகழும். ஆனால் திசுநீரில் புரதச்செறிவு கூடி, இருபுற சவ்வூடு அழுத்தங்களின் வேறுபாடு தாழ்ந்த தந்துகி அழுத்தத்துக்கு ஈடாகும் வரையில்தான். உறிஞ்சல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் காண என்னால் இயலவில்லை. இந்தப் பத்தியில் தமனி முனை, சிரை முனை என்ற பிரிவினை கிடையாது. இன்று அவர் பெயரால் வழங்கும் சமன்பாடும் அவர் எழுதியதன்று, பின்வந்தோர் அமைத்தது. ஒருவர் பெயரைச் சூட்டியபின் அவரைப் படிக்கும் தேவை குறைந்துவிடுகிறது போலும்.

முனைகளுக்கு எண்கள் கிடைத்தது லாண்டிஸின் அளவீடுகளால். 1930இல் மனித நகக்கண் தந்துகிகளில் தமனிப் பக்கம் 32, சிரைப் பக்கம் 12 மி.மீ. பாதரசம் என்று அவர் கண்டார். பிளாஸ்மாவின் சவ்வூடு அழுத்தம் சுமார் 25. ஒன்று மேலே, மற்றொன்று கீழே. படம் தானாகவே வரைந்துகொண்டது. ஆனால் இந்தக் கழித்தல் கணக்கில் திசுவின் பங்கு பூச்சியமாக வைக்கப்பட்டிருக்கிறது. மனிதத் தோலடித் திசுநீரின் சவ்வூடு அழுத்தம் 15 அளவில் இருக்கிறது. அதன் நீரழுத்தமோ வளிமண்டலத்தைவிடச் சற்றே குறைவு. இவற்றைச் சேர்த்தால் சிரை முனையில் வெளியே தள்ளும் விசை 12ஐச் சற்றே தாண்டும். உள்ளே இழுப்பது 10 மட்டும். அங்கேயும் நீர் வடியத்தான் செய்யும். பல திசுக்களின் அளவீடுகளைத் திரட்டி 1991இல் லெவிக் வந்தடைந்த முடிவும் இதுவே.

சோதனைச் சான்று அதற்கு முன்பே இருந்தது. 1987இல் மிஷெலும் ஃபிலிப்ஸும் தவளைக் குடல்தாங்கியின் தனித் தந்துகியில் அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்தினார்கள், உறிஞ்சல் தென்பட்டது. அதே தாழ்ந்த அழுத்தத்தைச் சில நிமிடங்கள் நிலைநிறுத்திவிட்டு அளந்தபோது உறிஞ்சல் மறைந்திருந்தது. 1896ஆம் ஆண்டுப் பத்தி முன்னுரைத்தது கண்ணெதிரே நடந்தது என்றே சொல்வேன்.

ஒரு சிக்கல் உண்டு. திசுநீரின் முழுச் சவ்வூடு அழுத்தத்தையும் கணக்கில் எடுத்தால் வடிதல் மிக அதிகமாக வர வேண்டும். உண்மையான நிணநீர் ஓட்டம் அவ்வளவு இல்லை. 1990களின் பிற்பாதியில் மிஷெலும் வைன்பாமும் தனித்தனியே முன்வைத்த கிளைக்கோகேலிக்ஸ் கருதுகோள் இதற்கு விடை தருகிறது. எண்டோதீலியத்தின் உட்புறப் பூச்சே புரத வடிகட்டி. அதன் அடியிலுள்ள குறுகிய இடத்தில் புரதம் மிகக் குறைவு. விசையைத் தீர்மானிப்பது அந்த இடத்தின் செறிவுதான். வடிதல் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. கருதுகோளின் நுணுக்கங்கள் மாறலாம். நிலையான உறிஞ்சல் இல்லை என்ற முடிவு அதை மட்டும் நம்பி நிற்கவில்லை.

குருதியிழப்பின்போது திசுநீர் நாளங்களுக்குள் திரும்புகிறதே என்பார்கள். திரும்புகிறது, தற்காலிகமாக; ஸ்டார்லிங் சொன்னதும் அதுவே. சிறுநீரகத்திலும் குடற்சளிப்படலத்திலும் தந்துகிகள் ஓயாமல் உறிஞ்சுகின்றனவே என்பது இன்னும் வலுவான மறுப்பு போலத் தோன்றும். ஆனால் அங்கே எபிதீலியம் புரதமற்ற புதுநீரை இடைவிடாமல் கொண்டுவந்து திசுப்புரதத்தைக் கழுவிவிடுகிறது. உப்புக்கரைசல் ஏற்றிய நாய்க்காலின் நிலைமை உடலிலேயே நிரந்தரமாக அமைந்த இடங்கள் அவை. மாணவர்களுக்குப் பழைய படம் எளிது என்ற வாதத்துக்கு விடை தேவையில்லை.

பழைய கணக்கின் எஞ்சிய தூண் ஓர் எண்: நாளொன்றுக்கு நிணநீர் 2 முதல் 4 லிட்டர். வடிவது ஏறத்தாழ 20 லிட்டர் என்று கொண்டதால் மீதி சிரை முனையில் மீண்டாக வேண்டும் என்றானது. ஆனால் அந்த 2 முதல் 4 லிட்டர், மார்பு நாளத்தைச் சார்ந்த மதிப்பு. அந்த நாளத்துக்கு வரும் நிணநீர் பெரும்பாலும் கணுக்களைக் கடந்து வந்தது. நாயின் முழங்கால்பின் கணுவில் 1980களில் செய்த ஆய்வுகளில், உள்ளே வரும் நிணநீரைவிட வெளியேறும் நிணநீரில் புரதம் செறிந்திருந்தது. வழியில் நீர் கணுவின் குருதி நாளங்களுக்குள் போய்விடுகிறது. லெவிக்கும் மிஷெலும் 2010இல் தந்த மதிப்பீட்டின்படி கணுக்களுக்கு வருவது நாளுக்குச் சுமார் 8 லிட்டர். அதில் பாதி கணுக்களிலேயே உறிஞ்சப்படுகிறது. 20 என்ற எண்ணும் அவர்கள் கணக்கில் நிற்பதில்லை. சுங்கச்சாவடியைத் தாண்டிய வண்டிகளை மட்டும் எண்ணி, ஊருக்கு வந்த வண்டிகள் இவ்வளவுதான் என்றிருக்கிறோம்.

தடுப்பாற்றல் ஆய்வாளர்கள் இதைத் தம் துறைக்கு வெளியே நடக்கும் வழக்காக எண்ணுவது எனக்கு வியப்பளிக்கிறது. சிறு மூலக்கூறுகள் பரவல் வழியே நேராகக் குருதிக்குப் போகலாம். பெரும் புரதங்கள் எந்தக் கணக்கிலும் நிணநீரில்தான் வரும். ஆகவே எதிர்ச்செனிகள் வரும் பாதை மாறவில்லை என்பதை ஒப்புகிறேன். மாறுவது ஓட்டத்தின் அளவும் செறிவும். ஒரு திசுவில் வடிந்த நீர் முழுவதும் கணுவின் உறையடிச் சைனஸ் வழியே, அங்கே காத்திருக்கும் மேக்ரோஃபேஜ்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. நீர் பிரிந்தபின் கணுவுக்குள் எஞ்சும் புரதம் செறிவடைகிறது. லிம்போசைட்டுகள் குருதியிலிருந்து கணுவுக்குள் நுழைய, நீர் கணுவிலிருந்து குருதிக்குள் செல்கிறது. எதிர்ச்செனியும் அதை அடையாளம் காணக்கூடிய அரிய செல்லும் சந்திக்கும் வாய்ப்பை இந்த எதிர்த்திசைப் போக்கு கூட்டுகிறதா என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி. கூட்டுகிறது என்றே கருதுகிறேன்.

நாள்பட்ட வீக்கத்தைப் பற்றிய மருத்துவப் பேச்சும் இதற்கேற்ப மாற வேண்டும். இதயச் செயலிழப்பானாலும் சிரைக் கோளாறானாலும், வடிவதை நிணநீர் நாளங்கள் ஈடுகட்ட இயலாதபோதுதான் கால் வீங்குகிறது. யானைக்கால் அதன் முற்றிய வடிவம். உடனடித் தேவை ஒன்று உண்டு. நிணநீர் அளவைக் குறிப்பிடும் ஆய்வாளர்கள் அது கணுவுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதை எண்ணுக்கு அருகிலேயே எழுத வேண்டும். எழுதாத அளவுகளை இதழாசிரியர்கள் ஏற்கக்கூடாது.