பரப்புப் பொதியும் திசைவியும்: ஓர் இயல்பிருப்பின் வரலாறு (1978–1999)

கணினி வலையமைப்பில் செய்திகள் பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றன. ஒரு கணினிக்கு மட்டும் செல்லும் பொதி மடலை ஒத்தது. வலையமைப்பிலுள்ள அனைத்துக் கணினிகளுக்கும் செல்லும் பரப்புப் பொதி, ஊரறிய முரசறைவதை ஒத்தது. வலையமைப்புகளை இணைக்கும் திசைவி அம்முரசொலியை அடுத்த ஊருக்குக் கடத்தலாமா என்னும் வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவான ஈதர்நெட்டில் கணினிகள் யாவும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன; எனவே அங்குப் பரப்புதல் எளிதாயிற்று. பல வலையமைப்புகள் இணைந்தபோதே சிக்கல் எழுந்தது. பாதைகள் வளையமாக அமைந்தால் ஒரே பொதியின் படிகள் பெருகிச் சுழலும். 1978இல் யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் வெளியிட்ட ஆய்வுரை இதற்குத் தீர்வு கூறியது. பொதியை அனுப்பிய கணினியை அடையத் தான் எப்பாதையைப் பயன்படுத்துமோ, அப்பாதை வழியே வந்த பொதியை மட்டுமே திசைவி மேலே அனுப்பும். பிறவழி வந்ததைக் கைவிடும்.

1984 அக்டோபரில் ஜெஃப்ரி மோகுல் எழுதிய ஆர்.எஃப்.சி. 919 என்னும் இணைய ஆவணம் பரப்புப் பொதிகளை வகைப்படுத்தியது. 255.255.255.255 என்னும் முகவரிக்குரிய பொதி உள்ளூர் வலையமைப்பைத் தாண்டலாகாது. தொலைவிலுள்ள வேறொரு வலையமைப்பைக் குறித்து அனுப்பப்படும் பரப்புப் பொதியோ, சாதாரணப் பொதிபோல் பயணித்து, இறுதித் திசைவியால் அங்குள்ள அனைத்துக் கணினிகளுக்கும் பரப்பப்படும். 1995 ஜூனில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1812, இவ்வாறு பரப்புவதையே திசைவிகளின் இயல்பிருப்பாக, அதாவது எவரும் மாற்றாதவரை நிலவும் அமைப்பாக, விதித்தது.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 'ஸ்மர்ஃப்' எனப்பட்ட தாக்குதலில், அனுப்புநர் முகவரியாகப் பாதிக்கப்பட வேண்டியவரின் முகவரி பொய்யாக இடப்பட்டது. நூறு கணினிகள் கொண்ட வலையமைப்புக்கு அவ்வாறு ஒரு வினாப்பொதி சென்றால், நூறு விடைகள் வரை அவர்மீது பாயும். 1998 ஜனவரியில் அமெரிக்காவின் செர்ட் மையம் இதுபற்றி எச்சரித்தது. 1999 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 2644 இயல்பிருப்பைத் தலைகீழாக்கியது: வெளியிலிருந்து வரும் இத்தகைய பொதியை, மேலாளர் வெளிப்படையாக இசைந்தாலன்றித் திசைவி பரப்பலாகாது.

இம்மாற்றத்தில் புதிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. முன்பு மறுத்தாலன்றித் திறந்திருந்த வாயில், பின்பு கேட்டாலன்றித் திறவாததாயிற்று. அமைப்புகளை மாற்றாமல் விட்டுவிடும் மேலாளர்களின் வலையமைப்புகளில் இயல்பிருப்பே சட்டம் என்பதால், அவ்வொரு வரி மாற்றம் பெரும்பொருள் கொண்டது. இணைய வழித்தோன்றலான ஐ.பி. பதிப்பு 6, பரப்பு முகவரிகளையே நீக்கி, குழுவுக்கு மட்டும் அனுப்பும் முறையை ஏற்றது. ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகத்துக்காக வகுத்த விதி, அறியாதோர் பெருகிய உலகில் திருத்தப்பட்ட வரலாறு இது.