பள்ளி ஆலோசகரின் இரகசியக் காப்பும் மாணவர் போதைப் பழக்கமும்

தன் போதைப் பழக்கம் பற்றி மாணவர் மனம்விட்டுச் சொல்வதைப் பள்ளி மனநல ஆலோசகர் வெளியிடாமல் காக்கும் தொழில்நெறியே இரகசியக் காப்பு. கஞ்சாவோடு, கரைத்து ஊசியில் ஏற்றும் வலிநிவாரணி மாத்திரையும் உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலையும் புழங்கும் கோவை வட்டாரத்தில் இது ஏட்டளவுக் கேள்வி அல்ல.

பள்ளி ஆலோசகருக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (பிரிவு 23) சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தைக் காக்கிறது. உயிராபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை ஆகியவை விலக்குகள். 18 வயதுக்குட்பட்டவருக்குச் சட்டப்படி பாதுகாவலரே பிரதிநிதி. ஆகவே பெற்றோரிடம் எல்லாவற்றையும் மறைக்க இயலாது. இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி (2012) புகார் கட்டாயம். போதை பயன்படுத்தியதாக மாணவர் ஒப்புக்கொள்வதற்கு அந்தக் கட்டாயம் பொருந்தாது. தலைமையாசிரியர்கள் அவசியம் அறிய வேண்டிய வேறுபாடு இது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015 (பிரிவு 77) 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்பாடு அல்லது சிறிதளவுப் போதைப்பொருள் தொடர்பான வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. உதவி எண்கள்: சிறார் உதவி 1098, மனநல ஆலோசனை 14416.