வாவிக்கரை அடுப்பும் போரணையும்

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனையும் நிலவொளியில் விளங்கும் வாவியையும் நினைப்போர் பலர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைக் கவர்ச்சி உடையதன்று. பொழுது சாய்ந்தபின் அவ்வாவிக்கரை வீடுகளில் இராச் சாப்பாட்டுக்கு என்ன சமைத்தார்கள்? பெருநாட்களில் என்ன பலகாரம் சுட்டார்கள்? அவை மலிவாகக் கிடைத்தன என்கிறோமே, அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? கோட்டைகளுக்கும் போர்களுக்கும் ஏடுகள் உண்டு. அடுப்புக்கு ஏடு இல்லை. எனினும் அடுப்படியில் வழங்கும் பண்டங்களும் சொற்களும் கேட்பார்க்குத் தம் வரலாற்றைச் சொல்லவே செய்கின்றன.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு தோன்றும் பக்கம் எழுவான்கரை. மறையும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் தென்னையும் கடல்மீனும். படுவான்கரையில் வயலும் எருமையும். இடையே கிடக்கும் வாவியில் இறாலும் நண்டும் சிறுமீனும். நெல்லும் தயிரும் ஒரு கரையிலிருந்து தோணியேறி வரும். தேங்காயும் கருவாடும் மறு கரையிலிருந்து செல்லும். ஆகவே ஏழைக் குடும்பத்தின் இராச் சாப்பாடு பெரும்பாலும் அண்மையிலேயே கிடைத்தது. சிவப்பரிசிச் சோறு, மீன் ஆணம், கொல்லையிற் பறித்த கீரையிற் சுண்டல், தேங்காய்ச் சம்பல். அரிசி குறைந்த நாளில் பிட்டு. காசு கொடுத்து வாங்கியவை சிலவே.

இதைக் கேட்டவுடன் பழைய காலம் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெல்லை அவித்து, உலர்த்தி, குற்றி, கொழித்து, மாவாக இடித்து, அரித்து, வறுத்து, பின்னரே ஒரு குழல் பிட்டு இலைக்கு வந்தது. தேங்காயைத் துருவ வேண்டும். மிளகாயை அம்மியில் அரைக்க வேண்டும். விறகு பொறுக்க வேண்டும். இத்தனையும் பெண்களின் வேலை. கையிற் காசு செலவாகவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய தோளும் முதுகும் செலவாயின. அச்செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்தாண்டு கழித்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் ஆட்சி இங்கு நீடிக்கவில்லை. அவர்கள் சொற்கள் நீடித்தன. பாண், போரணை, குசினி, விசுக்கோத்து என்பன யாவும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. கிறிஸ்து பிறப்பை நாம் நத்தார் என்பதும் அவ்வழியே. மட்டக்களப்பு மணற்பாங்கில் செழித்து வளரும் மரமுந்திரிகை பிரேசில் நாட்டு மரம். நாம் அம்மியில் அரைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று அவர்கள் கொணர்ந்ததே. மரவள்ளிக் கிழங்கை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற் பரப்பினர்.

அக்காலத்தின் உயிருள்ள சாட்சியராய் மட்டக்களப்புப் பறங்கியர் விளங்குகின்றனர். தச்சு, கொல்லு, தையல் முதலிய தொழில்களிற் கைதேர்ந்த இச்சமூகத்தார் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை நான்கு நூற்றாண்டு தாண்டியும் பேசி வந்திருக்கிறார்கள். நத்தார் வந்தால் இலங்கைப் பறங்கியர் வீடுகளில் லவ் கேக் மணக்கும். ரவை, சீனி, முட்டை மஞ்சட்கரு, முந்திரியம் பருப்பு, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய் ஆகியவை அதன் பண்டங்கள். மேலே முறுகலாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்குமாறு மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைப்பதிலேயே அதன் திறமை உள்ளது.

போரணை இல்லாத வீட்டார் என்ன செய்தனர்? பெரிய சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேற் கேக் தட்டை வைத்து, மூடியின் மேலும் சிரட்டைத் தணலை இட்டனர். மேலும் கீழும் தணல். அதுவே ஏழையின் போரணை. சூட்டை அளக்கக் கருவி இல்லை. மூடிக்கு மேலே பிடித்த உள்ளங்கையே அளவுகோல்.

அரிசியை உண்ட மக்கள் ஏன் கேக்கும் பாணும் சுடவில்லை என்று சிலர் வினவுவர். காரணம் தானியத்திலேயே உண்டு. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் பசைத்தன்மை தோன்றும். அது காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பச் செய்யும். அரிசி மாவுக்கு அத்தன்மை இல்லை. ஆதலின் நம்மவர் ஆவியில் அவித்தனர்; எண்ணெயிற் பொரித்தனர். சித்திரைப் புத்தாண்டுக்கு முறுக்கும் பயற்றம் பணியாரமும் அரியதரமும் அவ்வாறு வந்தவை. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் வீடுகளிற் பெருநாளுக்கு வட்டிலப்பம் ஆவியில் வேகும். பண்டம் வேறாயினும் வழக்கம் ஒன்றே. ஒரு வீட்டில் சுட்டது தட்டில் ஏறி, வேலி கடந்து, அடுத்த வீட்டுக்குச் செல்லும். அந்தத் தட்டு வெறுமையாய்த் திரும்புவதில்லை.

இனி, பெரிய மாற்றம் வந்த ஆண்டு 1942. அவ்வாண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, வந்து கொண்டிருந்தது. அவ்வழி அடைபட்டது. ஏப்பிரல் 9ஆம் நாள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலிலேயே யப்பானிய விமானங்களாற் தாக்குண்டு மூழ்கிற்று. யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அதற்கு ஈடாகக் கோதுமை மா வீடுகளினுட் புகுந்தது.

அந்த மாவைக் கண்டு நம் பெண்கள் திகைத்திருப்பர். அரிசி மாவைப் போல் நீர் தெளித்தாற் களியாகிவிடுகிறது, பிட்டுக்கு உதிரவில்லை, இடியப்ப உரலிற் பிழியவும் வரவில்லை. எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒரு தாய் வழி கண்டாள். மாவைத் துணியிற் கட்டி முதலில் ஆவியில் அவித்தாள். பின்னர் கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்தாள். பசைத்தன்மை அடங்கிற்று, பிட்டும் இடியப்பமும் இணங்கி வந்தன. அவள் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் அவித்த மா இன்று இலங்கைத் தமிழர் சென்ற நாடெங்கும் அவர்களோடு செல்கிறது. இதனை ஒரு சிறு கண்டுபிடிப்பு என்று கருதுதல் தவறு.

கோதுமை மா இடிப்பதற்கு உரலைக் கேட்கவில்லை. பெண்ணின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. அதே வேளையில் அடுப்பின் கயிறு கப்பலிற் கட்டப்பட்டது. ஏனெனில் இந்நாட்டிற் கோதுமை விளைவதில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் எழுந்தது. டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியைத் துறந்தார். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி சுருங்கியபோது பாண் கடைகளின் முன் விடியுமுன்னே மக்கள் வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு மீண்டும் அடுப்பேறிற்று. அதை மூடாமல் அவித்து நீரை வடிக்க வேண்டும் என்ற பாட்டிமாரின் அறிவு அப்போது உயிர்காத்த அறிவாயிற்று. 1980இல் திருகோணமலையில் மாவாலை தொழிற்படத் தொடங்கிற்று. அரைப்பது இங்கே, தானியமோ கடல் கடந்தே. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து நெல் விளைச்சல் குன்றிற்று. 2022இல் எரிவாயுவும் மாவும் தட்டுப்பட்டன. பாணின் விலை ஏறிற்று. விறகடுப்பு முற்றத்துக்குத் திரும்பிற்று.

இயற்கையும் இக்கரையைச் சோதித்தது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஆழிப்பேரலை டச் பார் கரையிற் பல பறங்கியர் குடும்பங்களை அழித்தது. வீடும் போயிற்று, பண்டிகைக் கேக்கின் அளவுகளை நினைவில் வைத்திருந்தோரிற் சிலரும் போயினர். எழுதப்படாத அறிவு எத்துணை எளிதில் மறையும் என்பதற்கு இதனிற் துயரமான சான்று வேண்டியதில்லை.

ஆதலின், நேயர்களே, மலிவான உணவு என்று ஒன்று எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை. அதன் விலையை ஒரு காலத்தில் உரலடியில் நின்ற பெண் கொடுத்தாள். பின்னொரு காலத்தில் கப்பலையும் அந்நியச் செலாவணியையும் நம்பிய நாடு கொடுத்தது. கொல்லைக் கீரையும் வாவி மீனும் படுவான்கரை அரிசியும் இன்னும் நமக்கு உண்டு. அவற்றைச் சமைக்கும் அறிவை எழுதி வைப்போம்; மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் கற்பிப்போம். தேங்காய் துருவுவதையும் மா அவிப்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொண்டால், அடுத்த பஞ்சம் வரும்போது ஒருத்தியின் முதுகில் மட்டும் அது வந்து விழாது.