தொடுகையைப் போலச்செய்யும் மின்னணு விசைப்பலகைகள்

பியானோ, ஹார்ப்சிகார்டு, ஆர்கன் முதலிய கருவிகளின் கட்டைகள் விரலுக்குக் காட்டும் எடையையும் எதிர்ப்பையும் செயற்கையாகத் தரும் இசைக்கருவிகள். கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை பியானோவை மட்டுமே பின்பற்றுகின்றன. ஒரே பலகையில் பல கருவிகளின் தொடுகையைக் கொண்டுவரும் முயற்சி பெரிதும் ஆய்வுக்கூடங்களில் நடந்தது.

வெளித்தோற்றத்தில் கட்டைகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் மேலெழும். அதில் செருகிய இறகுமுனை தந்தியைச் சுண்டும். சுண்டும்வரை விரலுக்கு ஒரு தடை தெரியும். இறகு தந்தியைத் தாண்டியதும் கட்டை சட்டென்று இளகிவிடும். ஓங்கி அழுத்தினாலும் ஒலியளவு ஏறக்குறைய மாறாது. பாதுவாவில் 1655இல் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி, ஃபுளோரன்சில் மெடிசி குடும்பத்தின் பணியில் இருந்தபோது 1700 வாக்கில் இதை மாற்றினார். அவர் உருவாக்கிய பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. அடிக்கும் முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுப் பறந்துவிடுகிறது. இன்றைய கிராண்ட் பியானோவில் கட்டையை மிக மெதுவாக இறக்கினால், அடியை நெருங்கும்போது ஒரு சிறு இடறலாக அந்த விடுபடல் விரலுக்குத் தெரியும். 1935இல் விற்பனைக்கு வந்த ஹாம்மண்ட் ஆர்கனிலோ சுத்தியலும் இல்லை, இறகும் இல்லை. கட்டை லேசானது, அதன் கீழே ஒன்பது மின்தொடுப்புகள் உள்ளன. அவை ஒரே கணத்தில் சேர்வதில்லை என்பதால் எழும் 'டிக்' ஓசையே அந்த ஆர்கனின் அடையாளமாகிவிட்டது.

மின்னணுக் கருவிகள் முதலில் கற்றது அளப்பதை. கட்டையின் கீழ் இரண்டு தொடுப்புகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு அழுத்தும் வேகத்தைக் கணித்தார்கள். மின்னணு இசைக்கருவிகளை இணைக்க 1983இல் வந்த மிடி தரமுறை அந்த வேகத்தை 1 முதல் 127 வரையான எண்ணாக்கியது. பிறகு கட்டைக்குள் சிறு சுத்தியல்களைப் பொருத்தி, தாழ்ந்த சுரங்களுக்குக் கூடுதல் எடையும் தந்தார்கள். யமஹாவின் அவாண்ட்கிராண்ட் (2009) கிராண்ட் பியானோவின் சுத்தியல் பொறியையே தந்தியில்லாமல் உள்ளே வைத்தது. ரோலண்டின் சி-30 ஹார்ப்சிகார்டின் சுண்டலை விரலுக்கு உணர்த்தியது. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரே கருவியின் தொடுகைக்குக் கட்டுப்பட்டதே.

இந்தக் கட்டு அவிழ, கட்டையே விரலைத் திருப்பித் தள்ள வேண்டும். பிரான்சின் கிரனோபிளில் கிளோத் கடோஸ் குழுவினர் மோட்டாரால் இயங்கும் விசைப்பலகையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் பிரெண்ட் கில்லெஸ்பி 1990களில் பியானோப் பொறியையே கணினிக்குள் கட்டமைத்தார். சுத்தியல் கட்டையோடு சேர்ந்திருக்கும்போது விரல் சுமக்கும் நிறை ஒன்று, அது பறந்தபின் வேறொன்று. இந்த மாற்றத்தைக் கணக்கிட்டு உடனுக்குடன் விரலுக்குச் சேர்ப்பதுதான் கடினம். கிறிஸ்தோபோரியின் ஊரான பாதுவாவின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்டோ ஓபோ, மைக்கி என்ற திட்டத்தில் கிராண்ட் பியானோ, ஹார்ப்சிகார்டு, ஹாம்மண்ட் ஆர்கன் மூன்றின் தொடுகையையும் ஒரே பலகையில் கொண்டுவந்து, 2006இல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இத்துறையின் மிகத் துணிச்சலான முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

88 கட்டைகளுக்கும் தனித்தனி மோட்டாரும் உணரியும் பொருத்தினால் விலை கட்டுப்படியாகாது. ஆகவே இன்றும் சாதாரண மின்னணுப் பியானோவில் ஹார்ப்சிகார்டு பொத்தானை அழுத்தினால் ஒலி மட்டுமே மாறுகிறது. இழப்பு சிறிதன்று. ஒலியளவைக் கூட்டிக் குறைக்க முடியாத ஹார்ப்சிகார்டுக் கலைஞர், சுரம் தொடங்கும் கணத்தையும் விடும் கணத்தையும் கொண்டே இசைக்கு உருக்கொடுக்கிறார். அதற்கு அவர் நம்புவது, இறகு தந்தியில் மாட்டுவதை உணரும் விரலை.