முஹன்னதும் தஞ்சைக் கட்டாரியும்

அரபு மொழியில் வாளைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'முஹன்னத்' நம் தனிக் கவனத்துக்குரியது. 'ஹிந்த்' என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த அச்சொல், இந்திய எஃகால் ஆன வாளைக் குறிப்பது. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய 'பானத் சுஆத்' கவிதையிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றித் தனிநூல் எழுதிய தத்துவ அறிஞர் அல்கிந்தி, ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகைத் தனி வகையாகவே எடுத்துரைக்கிறார். இத்தகைய புகழ் பெற்ற எஃகுத் தொழில் நம் மண்ணில் எவ்வாறு நடந்தது? பின்னர் அது என்னவாயிற்று? கையால் கத்தி வடிக்கும் கலையைக் கற்க உலகெங்கும் பலர் முன்வரும் இந்நாளில் இவ்வினாக்கள் சிந்திக்கத்தக்கவை.

தஞ்சைத் தரணி காவிரி கொணர்ந்த வண்டலால் ஆனது. அங்கே இரும்புத் தாது இல்லை. தாது கிடைத்ததும் உருக்கப்பட்டதும் மேற்கே, சேலத்துக் கஞ்சமலை போன்ற இடங்களில். காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வு, அத்தொழிலின் தொன்மையைக் காட்டியுள்ளது. கழிமுகத்துக் கொல்லனோ வெளியிலிருந்து வந்த இரும்பை அரிவாளாகவும் கொழுவாகவும் வடித்தான். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களுள் கம்மாளர் குடியிருப்பான 'கம்மாணசேரி'யையும் குறிக்கின்றன. நெல் விளையும் ஊருக்கு உலைக்களம் இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

எஃகு செய்யும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளனர். தேனிரும்புத் துண்டுகளையும் ஆவாரை மரச் சில்லுகளையும் சிறு மண் மூசையில் இட்டு, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் கரியனலில் காய்ச்சினர். மூசைக்குள் இரும்பு கரிமத்தை ஏற்று எஃகாயிற்று. கன்னட 'உக்கு' மருவி ஐரோப்பாவில் 'ஊட்ஸ்' எனப்பட்ட அந்த எஃகைக் கொண்டு இலண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கருவிகள் செய்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அவருடன் சேர்ந்து நடத்திய எஃகு ஆய்வு 1820இல் வெளிவந்தது. அதிக கரிமம் கொண்ட இவ்வெஃகு, வெண்சூடு ஏறினால் சம்மட்டியின் கீழே நொறுங்கிவிடும். எந்த நிறத்தில் அடிப்பது, எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கண்ணே அறிய வேண்டும். அவ்வறிவு ஏட்டில் இல்லை. ஆசானின் அருகிருந்தே பெறத்தக்கது.

தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை இக்கலையின் கருவூலமாக இருந்தது. அங்கிருந்த கட்டாரிகள் தனிச்சிறப்பு வாய்ந்தவை. கைப்பிடிக்குள் கையை நுழைத்துக் குத்தும் இவ்வகை ஆயுதத்தைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா வருணித்துள்ளார். தஞ்சைக் கட்டாரிகளில் கையைக் காக்கும் பாய்போன்ற தகடும் நுண்ணிய வேலைப்பாடும் உண்டு. எனினும் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது நோக்கத்தக்கது. நம் எஃகு கடல் கடந்து புகழ் பெற்றிருக்க, நம் அரசர்கள் அயல் அலகை நாடினர். தொழிலின் தேய்வை ஆங்கிலேயர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

ஆயினும் இறுதி அடி அவர்களுடையதே. 1855இல் வாரிசின்மை காட்டித் தஞ்சை அரசு இணைக்கப்பட்டது. 1863இல் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. சில படைக்கலங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட, எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. ஆங்கில அதிகாரி வால்ஹவுஸ் 1878இல் இதைப் பதிந்துள்ளார். ஆயுதங்கள் உடைந்ததைவிடப் பெரிய இழப்பு, அவற்றைச் செய்யச் சொல்வார் இல்லாமற் போனதாகும். மலிவான ஐரோப்பிய எஃகின் வரவால் மூசை உலைகளும் அவிந்தன.

எஞ்சியது ஊர்க்கொல்லனின் பட்டறை. களத்துமேட்டில் நெல்லைக் கூலியாகப் பெற்று அவன் கதிர் அரிவாள் அடித்தான். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தத் தேவையும் சுருங்கியது. ஆயினும் பழைய லாரி வில்பட்டையைக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் கொடுத்து அரிவாளாக்கும் கைகள் தமிழகத்தில் இன்னும் உள்ளன.

அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் பென்ட்ரே என்னும் கத்திக் கொல்லரும் வெர்ஹோவன் என்னும் உலோகவியல் பேராசிரியரும் இணைந்து, டமாஸ்கஸ் வாளின் நீரலைக் கோலத்தை மீண்டும் உண்டாக்கினர். வனேடியம் போன்ற நுண்கலப்புகளே அக்கோலத்துக்குக் காரணம் என 1998இல் விளக்கினர். கொல்லரின் கையும் அறிஞரின் கருவியும் ஒன்றுசேர்ந்தமையாலேயே இது இயன்றது.

அந்தச் சேர்க்கையே நமக்கும் வேண்டுவது. கத்தி வடிக்க விழையும் இளைஞர், அயல்நாட்டுக் கையேட்டைப் புரட்டுமுன் அருகிலுள்ள பட்டறையில் துருத்தி பிடித்துப் பழகுதல் நன்று. நம் கல்லூரிகள் கொல்லரின் கலைச்சொற்களையும் வெப்பக் கணிப்பையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல் வேண்டும். முஹன்னதின் புகழைப் பேசும் நாம், அதன் வழிவந்த உழைப்பாளிக்கு உரிய விலையையும் மதிப்பையும் தரக் கடமைப்பட்டுள்ளோம்.