ஒரு சொல்லும் இரு நாடுகளும்

வணிக உடன்படிக்கைகளை இலக்கியம் பயின்றோர் பொதுவாக ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் ஒற்றைச் சொல்லின் பொருள் குறித்து இரு நாடுகள் வழக்காடிய வரலாறு ஒன்று நம் கவனத்துக்குரியது.

கரிபியக் கடலில் உள்ள ஆண்டிகுவா-பார்புடா, ஒரு இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவு நாடு. சுற்றுலாவை மட்டும் நம்பியிராமல், 1990களில் இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கு அது உரிமம் வழங்கிற்று. அமெரிக்காவோ, கம்பிவழிப் பந்தயத்தைத் தடுக்க 1961இல் இயற்றிய சட்டத்தைக் கொண்டு அவற்றை முடக்க முனைந்தது. ஆண்டிகுவாவிலிருந்து நிறுவனம் நடத்திய அமெரிக்கர் ஒருவர் 2000இல் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டார். 2003இல் வழக்கு உலக வர்த்தக அமைப்பை எட்டியது.

சேவை வணிக உடன்படிக்கையில் 'ஸ்போர்ட்டிங் தவிர்த்த ஏனைய பொழுதுபோக்குச் சேவைகள்' அனைத்தையும் திறந்துவிடுவதாக அமெரிக்கா ஒப்பியிருந்தது. அச்சொல் சூதாட்டத்தையும் குறிக்கும், ஆகவே சூதாட்டம் விலக்கப்பட்டதே என்று அது இப்போது வாதிட்டது. அகராதிகள் புரட்டப்பட்டன. 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமைப்பு, அகராதி மட்டும் போதாது, பட்டியல் எழுந்த காலத்து ஆவணங்களையும் நோக்கவேண்டும் என்று கூறி, சூதாட்டம் விலக்கப்படவில்லை எனத் தீர்த்தது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் நம் உரையாசிரியர்கள் இதில் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை தேவை என்ற வாதம் ஏற்கப்பட்டது. ஆனால் 1978ஆம் ஆண்டுக் குதிரைப்பந்தயச் சட்டம் உள்நாட்டாருக்குத் தொலைவழிப் பந்தயத்தை அனுமதிப்பதாகத் தோன்றியதால், ஒழுக்கம் அயலாருக்கு மட்டுந்தானா என்ற ஐயம் எஞ்சியது.

2007இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தவில்லை. தான் தந்த வாக்குறுதியையே திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. ஆண்டிகுவா கேட்ட ஈடு ஆண்டுக்கு ஏறத்தாழ 344 கோடி டாலர். அமெரிக்கா ஒப்பியது 5 இலட்சம். நடுவர் வகுத்தது 2.1 கோடி. அமெரிக்கப் பொருள்கள்மீது வரி உயர்த்தினால் தீவு மக்களே வாடுவர் என்பதால், அத்தொகையளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமையை நிறுத்திவைக்க வழி விடப்பட்டது. 2013 ஜனவரியில் முறையான ஒப்புதலும் கிடைத்தது. வல்லரசின் பகைக்கு அஞ்சும் சிறுநாட்டுக்கு அது எட்டாக்கனியாகவே நின்றது.

2018இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதற்கிருந்த தடையை நீக்கியது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது சட்டப்படியான தொழில். சொல்லின் பொருளை எளியவர் நிறுவிவிடலாம்; அப்பொருளின் பயனை அடைவதற்குத்தான் வலிமை வேண்டியிருக்கிறது.